ரத்தம் எடுக்கும் முன்

கடலோரத்தில் மலேரியாவை ஆராயும் கூடம் ஒன்று இருந்தது. அதன் தலைவி டாக்டர் பரக்கத் நிஷா. அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தவர் டாக்டர் தில்லைநாயகம். மாணவர் என்றதும் மீசை அரும்பும் பையனை நினைத்துவிட வேண்டாம். மாணவருக்குத் தலை நரைத்திருந்தது. ஆசிரியை அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

தில்லைநாயகம் முன்பு அரசு மருத்துவமனையில் இருந்தார். பூங்காவனம் என்ற கர்ப்பிணி மலேரியாக் காய்ச்சலோடு வந்தாள். கொடுத்த மருந்து அவளுக்குக் கேட்கவில்லை. அவள் செத்துப்போன பிறகு அந்த வார்டுக்குள் நடக்கவே அவருக்குக் கால் கூசியது. கேட்கிற மருந்தைத் தேடி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார்.

"ஊர்ல எல்லாரும் கொசுவ அடிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் கொசுவுக்குள்ள இருக்கிற கிருமிக்குச் சோறு போட்டு வளர்க்கிறார்" என்பாள் அவர் மனைவி.

கேலிதான், ஆனால் பொய்யில்லை. மலேரியாக் கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டுமென்றால், முதலில் அந்தக் கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் உயிரோடு காப்பாற்றியாக வேண்டும். அதற்குத் தினமும் தீனி மாற்ற வேண்டும், அடிக்கடி புது ரத்தம் ஊற்ற வேண்டும். மனித ரத்தம் தவிர வேறெதுவும் அந்த மகாராஜாவுக்கு ஒத்துக்கொள்ளாது. தீபாவளி, ரம்ஜான் என்று லீவும் கிடையாது. அங்கே வேலை பார்ப்பவர்களே முறை வைத்துக் கையை நீட்டுவார்கள்.

அப்படி நீட்டும்போது ஒரு வழக்கம் உண்டு. ஊசி குத்துபவர் முதலில், "மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். உடம்பில் மருந்து இருந்தால் ரத்தத்தோடு அதுவும் தட்டுக்குப் போய்விடும். கையை நீட்டுவது தலைவியே ஆனாலும் கேட்டே தீர வேண்டும்.

ஒரு நாள், மலைக் கிராமங்களில் வெகுநாள் தங்கிவிட்டு பரக்கத் நிஷா திரும்பி வந்தார். பையைக் கீழே வைப்பதற்குள் தில்லைநாயகம் ஓடி வந்தார்.

"மேடம், நம்ம புது மருந்து வேலை செய்யுது. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். மருந்து ஊத்தின தட்டுல ஒரு கிருமிகூட மிச்சமில்ல. ஊத்தாத தட்டுல ஜம்முனு இருக்கு."

"சந்தோஷம்."

"அடுத்த வாரம் அனுமதி குடுக்கிற குழு வருது. அவங்க தலையாட்டிட்டாப் போதும், நோயாளிங்களுக்கே குடுத்துப் பார்த்துடலாம்."

"யார் ரத்தம்?"

தில்லைநாயகம் புதுமாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். "மருந்து ஊத்தின தட்டுக்கெல்லாம் என் ரத்தம் மேடம். மத்ததுக்குப் பொதுவுல எடுத்தது."

"ஏன் அப்படி?"

"என் மருந்துக்கு என் ரத்தம்னு ஒரு ஆசை."

பரக்கத் நிஷா பையைக் கீழே வைத்தார்.

"ஜெயிச்சுட்டோம்னு எப்ப மேடம் தைரியமாச் சொல்லலாம்?"

பரக்கத் நிஷா சட்டைக் கையை மேலே சுருட்டி, கையை மேசைமேல் நீட்டினார். "இந்தத் தடவை என் ரத்தம். ரெண்டு தட்டுக்கும்."

தில்லைநாயகத்துக்கு முகம் சுண்டிவிட்டது. தன்னை நம்பவில்லை என்றுதான் அவருக்குப் பட்டது. இருந்தாலும் ஊசியை எடுத்தார். பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்டது.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா மேடம்?"

"இல்ல."

ஊசி பிடித்த கை அப்படியே நின்றது.

தன் ரத்தத்தை எடுத்த அன்றைக்குத் தன்னை யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த, ரத்தம் எடுக்கும் பெண்ணை, "நானே டாக்டர்ம்மா, நீ குத்து" என்று அவர்தான் அடக்கினார். கடற்கரையில் மீன்முள் குத்திச் சீழ் வைத்த காலோடு அவர் நொண்டிக்கொண்டிருந்த வாரம் அது. சீழுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை மலேரியாக் கிருமியையும் மெல்ல மெல்லக் கொல்லும். மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இதை அவரே பாடமாக நடத்தியிருக்கிறார்.

"என்ன டாக்டர்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குளிர்ப்பெட்டியைத் திறந்தார். மேலடுக்கில் அவருடைய பழைய ரத்தம் பையில் பாதி மிச்சமிருந்தது. அதையே மறுபடி ஊற்றினால் கிருமி மறுபடி சாகும். மேடம் தட்டைத் தொடுவதில்லை. குழு தலையாட்டும். ஒருவேளை மருந்தில் நிஜமாகவே சத்து இருந்தால் என்ன செய்வது என்று மனது நியாயம் பேசியது. அவர் பையைக் கையில் எடுத்துவிட்டார்.

பூங்காவனத்தின் புருஷன் ஞாபகத்துக்கு வந்தான். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது கேட்டுடும்ல சார்?" என்றுதான் அவன் கேட்டான். கேட்டுடும் என்று இவரும் சொல்லியிருந்தார்.

பையை இருந்த இடத்தில் வைத்தார். எல்லாத் தட்டுக்கும் பரக்கத் நிஷாவின் ரத்தத்தையே ஊற்றினார்.

அந்த வாரம் அவர் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது, மருந்து ஊற்றிய தட்டில் கிருமிகள் கல்யாண வீட்டுக் கூட்டம் போல நிறைந்திருந்தன. அவருக்கு அழுகை வந்தது. இந்த வயதில் வேலை செய்யுமிடத்தில் உட்கார்ந்து அழுவது வெட்கமாகவும் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு தலைவியிடம் போனார்.

"எல்லாம் உயிரோட இருக்கு மேடம். அன்னிக்குக் கொன்னது என் மருந்தில்ல. நான் முழுங்கின மாத்திரை."

ஒன்றையும் மறைக்கவில்லை. காலில் குத்திய முள்ளைச் சொன்னார், அந்தப் பெண்ணை அடக்கியதைச் சொன்னார். குளிர்ப்பெட்டிமுன் பையோடு நின்றதையும் சொன்னார்.

பரக்கத் நிஷா எழுந்து வந்து நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"குழுகிட்ட?"

"நானே சொல்லிடறேன்."

"ம்."

"ஒரு டாக்டருக்கு இதுகூடத் தெரியாதான்னு சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"உங்க கால் விஷயம் எனக்கெப்படித் தெரியும்? ரெண்டு தட்டு, ரெண்டு ரத்தம். அது மட்டுந்தான் தெரியும்."

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். கேட்கப் பயந்துகொண்டே வந்த கேள்வி மிச்சமிருந்தது.

"நாளையிலேர்ந்து நான் வரட்டுமா, வேண்டாமா?"

பரக்கத் நிஷா சுவரில் இருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு ரத்தம் கொடுக்கும் முறைக்கு நேரே தில்லைநாயகத்தின் பெயர்தான் இருந்தது. மற்ற நாளில் ரத்தம் எடுக்கும் பெண் பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை.

"உட்காருங்க."

தில்லைநாயகம் உட்கார்ந்தார். அவர் கையை இழுத்து மேசைமேல் வைத்து, ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி, விரலால் தட்டி நரம்பைத் தேடினார் பரக்கத் நிஷா. பஞ்சால் துடைத்தார். ஊசியின் மூடியைக் கழற்றியவர், குத்தாமல் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா, டாக்டர்?"