கதவுக்கு அப்பால் நான்கு விநாடி

கோடம்பாக்கத்தில் கொலைப் படங்கள் வரிசையாக ஓடிய காலம் அது. முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு வருவான். பங்களாவில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் பிழைப்பாள். பிழைக்கிறவள் எப்போதும் சிவப்பாக இருப்பாள். முதலில் சாகிறவள் சலேத்மேரி.

காசிமேட்டுப் பெண். நல்ல கறுப்பு, நெடிய உடல். ஏழு படங்களில் நடித்து, ஏழிலும் இடைவேளைக்கு முன்பே செத்தாள். வேலைக்காரி, ஆயா, பூக்காரி என்று வேஷம் மாறும், முடிவு மாறாது. அவள் அம்மா இரண்டாவது படத்தோடு கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

“எம் பொண்ணு உசுரோட வீடு திரும்புற படம் வந்தா சொல்லு, வர்றேன்,” என்றாள்.

மேரியின் ஏக்கமும் அதுதான்.

எட்டாவது படத்திலும் வேலைக்காரி. மூன்றாம் நாளே செத்து முடித்தாள். ஆனால் உச்சக்கட்டம் எடுக்கும் சமயத்தில், பம்பாயிலிருந்து வந்த கதாநாயகிக்குக் கால் எலும்பு முறிந்தது. உயரமும் நடையும் ஒத்துப்போனது மேரிக்குத்தான். கதையும் எழுதி இயக்கிய சிவக்கொழுந்து அவளை அழைத்தார்.

“முதுகுப் பக்கமாத்தான் எடுக்கப்போறேன். கிடங்குக் கதவைத் தாண்டுற வரைக்கும் முகம் தெரியக் கூடாது. வாக்குக் குடுப்பியா?”

“குடுக்கறேன் சார்.”

கழுத்திலும் கைகளிலும் வெளிர் நிறம் பூசினார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு பழைய உப்புக் கிடங்கு. மேரி ஓடினாள், விழுந்தாள், எழுந்து கொலைகாரனின் கத்தியைப் பிடுங்கினாள். முகத்தைத் திருப்பவே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது கடல்மேல் விடிந்துகொண்டிருந்தது. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி அதை நேராகப் பார்த்தாள். நான்கு விநாடி.

படத்தொகுப்பு அறையில் அதைப் பார்த்த சிவக்கொழுந்து மறுபடியும் ஓட்டச் சொன்னார்.

“இப்படி ஒரு முகத்தை நான் எடுத்ததே இல்ல,” என்றார், தொகுப்பாளர் கோதண்டத்திடம். “ஆனா செத்துப்போன வேலைக்காரி கடைசியில வந்து நின்னா ஜனங்க பேய்னு நினைப்பாங்க. வெட்டிடுங்க.”

கோதண்டம் வெட்டினார். வெட்டிய பிலிம் துண்டு தயாரிப்பாளரின் சொத்து என்று தெரிந்தும், அதை ஓர் உறையில் போட்டு மேரியிடம் கொடுத்தார்.

“உன்னோடதும்மா. வச்சுக்கோ.”

வீட்டு ஜன்னலில், வெயிலுக்கு எதிரே அதை விரித்துப் பிடித்தாள் மேரி. விநாடிக்கு இருபத்துநான்காகத் தொண்ணூற்றாறு சிறு கட்டங்கள். ஒன்றிலும் அவள் சாகவில்லை. அம்மா பக்கத்தில் வந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள்.

“எப்படி இருக்க பாரு,” என்றாள். பிறகு, “இது எப்பம்மா கொட்டகைக்கு வருது?” என்று கேட்டாள்.

மேரி துண்டைச் சுருட்டி உறைக்குள் வைத்தாள்.

திரும்பிப் பார்த்தவள் மேரி. வெட்டச் சொன்னவர் சிவக்கொழுந்து. துண்டை எடுத்துக் கொடுத்தவர் கோதண்டம். நீங்களே சொல்லுங்கள், இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: மேரி செய்ததே சரி. கதவைத் தாண்டும்வரை என்றுதான் வாக்குக் கேட்டார்கள். தாண்டிய பிறகே அவள் திரும்பினாள். கோதண்டம் காட்டியது இரக்கம், ஆனால் ஊர் பார்க்க வேண்டிய முகத்தை அது ஒரு ஜன்னலோடு நிறுத்திவிட்டது. சிவக்கொழுந்து வெட்டச் சொன்னது அந்தக் கதைக்குப் பொருந்தும். அவர் பிழை அதற்கும் முந்தியது: சாகிறவளுக்கு ஒரு நிறம், பிழைக்கிறவளுக்கு ஒரு நிறம் என்று கதை எழுதிய அன்றே அதைச் செய்துவிட்டார்.