நாவல்துறைப் பூனை ஊர் சுத்தப் போன கதை

ஒரு ஊர்ல ஒரு பூனை இருந்துச்சு. ஊர் பேரு நாவல்துறை. கடலோரத்துல வள்ளம் வந்து ஒதுங்குற துறை. பூனைக்குன்னு யாரும் பேரு வைக்கல, சாம்பல் நிறமா இருந்ததால "ஏ சாம்பலு"ன்னு கூப்பிடுவாங்க. அப்போ அதுதானே பேருன்னு மடக்காத, பேசாம ம் சொல்லு.

"ம்."

அந்தச் சாம்பல் மூணு குட்டி போட்டிருந்துச்சு. எங்க போட்டுச்சு தெரியுமா? தொம்மைன்னு ஒரு மீன்காரரு, அவரோட வலைக்குள்ள. அவரு வள்ளத்துல இஞ்சின் கெட்டுப்போயி, வலையெல்லாம் குடிசைக்குள்ள குவிஞ்சு கிடந்துச்சு. மெத்துமெத்துன்னு இருக்கேன்னு சாம்பல் உள்ள குடைஞ்சு போயி குட்டியப் போட்டுருச்சு. இன்னும் கண்ணு திறக்காத குட்டிங்க.

அப்புறம் ஒருநாள் காலையில "டக்... டக்... டடடடட"ன்னு சத்தம். இஞ்சின் சரியாயிருச்சு. தொம்மை தன் தம்பிகிட்ட சொன்னாரு, "ஏல கஸ்பாரு, இன்னைக்குப் பொழுது சாய வலைய ஏத்திருவோம்."

சாம்பல் துள்ளி எந்திரிச்சுருச்சு. பின்ன? வலை வள்ளத்துல ஏறுனா நடுக்கடலுக்குப் போகும். அங்க அப்படியே தண்ணிக்குள்ள இறக்குவாங்க. உள்ள குட்டி இருக்குன்னு யாரு கண்டா? பொழுது சாயறதுக்குள்ள மூணையும் வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போயாகணும்.

அப்போ துறை ஓரமா ஒரு வெள்ளைக் கார் நின்னுச்சு. கதவு திறந்து கிடந்துச்சு. சாம்பல் மெதுவா ஏறி, பின் சீட்டுக்கு அடியில புகுந்து மோந்து பாத்துச்சு. இருட்டா இருக்கு, கதகதன்னு இருக்கு, நாய் வாடை இல்ல. சரி, இங்கயே கொண்டாந்து வச்சிரலாம்னு வெளிய தலைய நீட்டுச்சு. டப். டப். கதவச் சாத்திட்டாங்க. ர்ர்ரூம்னு வண்டி கிளம்பிருச்சு.

"அப்போ குட்டி?"

குட்டி அங்க, அம்மா இங்க. இரு, சொல்றேன்ல.

கார்ல இருந்தது கொம்பையாவும் அவரு சம்சாரம் ஆவுடையம்மாவும். பிள்ளைங்களக் கட்டிக் குடுத்தாச்சு, கொம்பையா வேலையிலருந்து ஓய்வும் வாங்கியாச்சு. ஒருநாளாவது கடக்கரை ஓரமா துறை துறையா இறங்கி, ஆற அமரப் பாத்துட்டு வருவோம்னு கிளம்பினவங்க. அவசரமே கிடையாது. சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான், அவரு அப்படி ஓட்டுறாரு. பழைய பாட்டு வேற சத்தமா ஓடுது. சீட்டுக்கு அடியில ஒரு தாய் "மியாவ் மியாவ்"னு கதறுறது யாரு காதுல விழும்? கடல் ஜன்னல் பக்கமா ஜிலுஜிலுன்னு கூடவே வந்துச்சு. அவங்களுக்கு அது அழகு, சாம்பலுக்கு ஒவ்வொரு நிமிஷமும் நெருப்பு.

அப்புறம் ஆலமுனைத் துறை வந்துச்சு. கருவாடு பாப்போம்னு ரெண்டு பேரும் இறங்கினாங்க. கதவு திறந்ததுதான் தாமசம், சாம்பல் ஒரே பாய்ச்சல். அதே மீன் வாடை, அதே மணல், அதே மாதிரி வள்ளம். நம்ம ஊருதான்னு நினைச்சு ஓடி, முதல்ல கிடந்த வலைக்குள்ள தலைய விட்டு "மியாவ்"னு கூப்பிட்டுச்சு. பதில் இல்ல. பின்னாடி "உர்ர்ர்"னு ஒரு சத்தம்தான் வந்துச்சு. திரும்பிப் பாத்தா நாய். ஒண்ணு இல்ல, மூணு. வள்ளத்துக்கு அடியில ஓடுச்சு, ஐஸ் பெட்டி மேல ஏறுச்சு, கூடைக்குள்ள விழுந்து எந்திரிச்சுச்சு, நாயும் விடல. அந்த அந்நிய ஊர்ல அதுக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணே ஒண்ணுதான். ஓடிப்போயி அதே காருக்குள்ள பாய்ஞ்சு ஒளிஞ்சுக்கிச்சு. டப், கதவு சாத்தியாச்சு. ம் சொல்லுதியா, தூங்கிட்டியா?

"ம்."

அப்புறம் வெள்ளமணல்னு ஒரு துறை. அதுக்குள்ள உச்சி தாண்டிருச்சு. சவுக்கு நிழல்ல காரை நிறுத்திட்டு, ஆவுடையம்மா புளிச்சோத்தப் பிரிச்சாங்க. உருண்டு போன தண்ணி பாட்டில எடுக்கக் குனிஞ்சாங்க. பாத்தா, சீட்டுக்கு அடியில ரெண்டு கண்ணு.

"என்னங்க, இங்க ஒரு பூனை."

"விரட்டி விடு" ன்னாரு கொம்பையா, சோத்த விட்டுத் தலை நிமிராம.

ஆவுடையம்மா அதத் தூக்கினாங்க. கை ஈரமாச்சு. பால்.

"இது குட்டி போட்டிருக்கு. பால் கட்டி வழியுது. குட்டி எங்கயோ பசியில கிடக்கு. வண்டியத் திருப்புங்க."

"அடுத்து கலங்கரை விளக்கம் இருக்கு. நேரம் தாண்டிட்டா மேல ஏற விடமாட்டான். இது எந்தத் துறையில ஏறுச்சோ? இங்கயே இறக்கி விடு, மீன் தின்னு பொழைச்சுக்கும்."

"இது பொழைச்சுக்கும். குட்டி?"

கொம்பையா கைக்கடிகாரத்தப் பாத்தாரு. அப்போ ஆவுடையம்மா சத்தம் போடாம சொன்னாங்க, "நம்ம மூத்தவளத் திருவிழாக் கூட்டத்துல தொலைச்சுட்டு நின்னமே, அவளக் கொண்டாந்து விட்டவரு மணியா பாத்தாரு?"

கொம்பையா சோத்த மடிச்சு வச்சுட்டு, சாவிய எடுத்தாரு.

அப்புறம் பாரு அந்த மனுஷன் ஓட்டுன ஓட்டத்த. விர்ர்ருன்னு வந்தா, நடு ரோட்டுல உப்பு லாரி மண்ணுல புதைஞ்சு நிக்குது. அது நகர்ந்து வழி விட்டா, "ம்மே ம்மே"ன்னு ஒரு ஆட்டு மந்தை. அதையும் தாண்டி ஆலமுனைக்கு வந்து கதவத் திறந்து, "இங்கதானா?"ன்னு கேட்டாங்க ஆவுடையம்மா. சாம்பல் மூக்க நீட்டி மோந்து பாத்துட்டு, இறங்காம அவங்க மடியிலயே உடம்பச் சுருட்டிக்கிச்சு. "இது இல்லையாம், போங்க." பொழுது பனைமரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிருச்சு. ஆவுடையம்மாவுக்கு மடியில அந்த உடம்பு நடுங்குறது தெரியுது.

நாவல்துறை வந்துச்சு. வண்டி நிக்கல, அதுக்குள்ள சாம்பல் ஜன்னல் வழியாப் பாய்ஞ்சுருச்சு. கார்ல வந்தவங்க இறங்கி, அது போன பக்கம் தெரியாம தேடுறாங்க. சாம்பல் நேரா குடிசைக்குப் போச்சு. குடிசை காலி.

தொம்மையும் கஸ்பாரும் கம்புல வலையத் தொங்கவிட்டு, முன்னும் பின்னுமாத் தோள்ல சுமந்துக்கிட்டு கடலப் பாத்துப் போறாங்க. வள்ளத்துல ஒரு ஆளு ஏறி நிக்குறான், இஞ்சின் "டடடடட"ன்னு ஓடிக்கிட்டு இருக்கு. சாம்பல் கத்துனது யாருக்கும் கேக்கல. விழுந்தடிச்சு ஓடிப்போயி அவங்க காலுக்கு முன்னாடி குறுக்க விழுந்துச்சு.

"சே, பூனை குறுக்க வந்துருச்சு" ன்னாரு தொம்மை. அவங்க பக்கத்துல ஒரு பழக்கம். கிளம்பும்போது பூனை குறுக்க வந்தா, சுமையை இறக்கி வச்சு, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சு, சித்த நேரம் உக்காந்துட்டுத்தான் போவாங்க. வலைய இறக்கினாங்க. சாம்பல் வலைக்குள்ள நுழையப் போச்சு. கஸ்பாரு கையிலருந்த துடுப்ப ஓங்குனான், "போ சனியனே." தண்ணி குடிச்சுட்டு மறுபடி தூக்கினாங்க. குறுக்க போனா இவங்க இறக்குறாங்கன்னு சாம்பலுக்குப் புரிஞ்சு போச்சு. சர்ர்ருன்னு மறுபடியும் குறுக்க ஓடுச்சு. மறுபடியும் இறக்கினாங்க, மறுபடியும் தண்ணி, மறுபடியும் துடுப்பு. மத்த வள்ளமெல்லாம் கிளம்பிப் போயிருச்சு.

"இனிமே உக்காந்தா மீனு நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? ஏல, நட" ன்னுட்டுத் தொம்மை தண்ணியில இறங்கிட்டாரு. முழங்கால் தண்ணி, அப்புறம் தொடை வரைக்கும். சாம்பல் கரையில நிக்குது. நீ குளிக்க அழுவியே, பூனைக்குத் தண்ணின்னா அதவிட நூறு மடங்கு பயம். அதுலயும் அலை "ஹோ"ன்னு வருது. சாம்பல் ஒரு தடவை வலையப் பாத்துச்சு. பொளக்குனு கடலுக்குள்ள குதிச்சுருச்சு. அலை புரட்டிப் போட்டுச்சு, மூக்குல வாயில எல்லாம் உப்புத் தண்ணி. முங்கி, எந்திரிச்சு, நீந்தி, தொம்மைக்கு முன்னால குறுக்க வந்து நின்னுச்சு.

தொம்மை அப்படியே நின்னுட்டாரு. "பூனை கடல்ல இறங்கி நான் பாத்ததே இல்ல. ஏல கஸ்பாரு, இது நம்மளத் தடுக்க வரல, என்னமோ சொல்ல வருது. இஞ்சின நிறுத்தச் சொல்லு."

இஞ்சின் நின்னுச்சு. அலைச் சத்தம் மட்டும். அப்போ அவரு தோள்ல தொங்குற வலைக்குள்ளருந்து மெல்லிசா, "ம்ய்..."

ரெண்டு பேரும் மூச்சு விடாம திரும்பிக் கரைக்கு வந்தாங்க. மடிப்பு மடிப்பாப் பிரிச்சாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணும் உசிரோட. சாம்பல் சொட்டச் சொட்ட வந்து அதுங்களச் சுத்திப் படுத்து நக்கிக் குடுத்துச்சு. தேடிக்கிட்டு வந்து சேந்த ஆவுடையம்மா மணல்ல உக்காந்து அழுதாங்க. கஸ்பாரு ஓங்குன துடுப்பக் கீழ வச்சுட்டு, தன் தலைத்துண்ட அவுத்து அதுங்களுக்குப் போத்திவிட்டான். அன்னைக்கு அந்த வள்ளம் கடலுக்குப் போகல.

அன்னையிலருந்து நாவல்துறையில பூனை குறுக்க வந்தா யாரும் திட்டுறதில்ல, தண்ணி குடிச்சுட்டு உக்கார்றதுமில்ல. வலைய இறக்கி வச்சு, உள்ள யாரு இருக்கான்னு பிரிச்சுப் பாக்குறாங்க.

கதை கரை ஏறிருச்சு. கண்ண மூடு.