நாலு பக்கமும் பன்னிரண்டு பக்கமும்

விடைத்தாள் எதுவானாலும் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார் பேராசிரியர் வைரவநாதன். எம்.டி. கடைசி வருஷ மாணவி சுடர்க்கொடியின் தாளையும் அப்படித்தான் தூக்கினார்.

"சர்க்கரை நோயாளியின் கால்புண்ணைப் பற்றி நாலே பக்கமா? பாதி விஷயத்தைக் காணோமேம்மா! நாளைக்குப் பன்னிரண்டு பக்கம் வரலேன்னா, பரீட்சை விண்ணப்பத்துல என் கையெழுத்து கிடையாது."

அவளுக்கோ அன்று முழுக்க வார்டு டியூட்டி. புத்தகத்தைத் திறக்கவே நேரமில்லை. ஆனாலும் மறுநாள் பன்னிரண்டு பக்கத்தோடு வந்து நின்றாள்.

பேராசிரியர் பக்கங்களை எண்ணினார். முகம் மலர்ந்து கையெழுத்தும் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஜூனியர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நேத்து விட்டுப்போனதை எல்லாம் எப்படிச் சேர்த்திருக்கா பாருங்க! ஏம்மா, என்னென்ன செஞ்சேன்னு இவங்களுக்குச் சொல்லு. எல்லாரும் எழுதிக்குங்க."

சுடர்க்கொடி விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

"வார்த்தை ஒண்ணுகூடச் சேர்க்கலை சார். எழுத்தைப் பெரிசாக்கினேன், வரிக்கு வரி இடம் விட்டேன், தலைப்புக்கெல்லாம் பெட்டி கட்டினேன். அவ்வளவுதான்."

பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள், ஜூனியர்கள் அதை ஒன்றுவிடாமல் எழுதி முடித்திருந்தார்கள்.