சோளக்காட்டூரின் பல்வலி

சோளக்காட்டூர் ஜனங்கள் யார் என்ன சொன்னாலும் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

ஊரின் ஆரோக்கியத்தைக் கேட்டறிய நர்சம்மா வந்தபோது, வெள்ளைச்சாமிக்குக் கடைவாய்ப் பல்வலியில் கன்னம் பணியாரம்போல வீங்கியிருந்தது. சோறும் இல்லை, தூக்கமும் இல்லை.

“எதையும் நீங்க ஒருத்தரா முடிவு பண்ணாதீங்க,” என்று ஊர்த்தலைவர் பொன்னுரங்கத்திடம் சொன்னார் நர்சம்மா. “கூட்டம் போட்டு எல்லார் கருத்தையும் கேளுங்க. ஊர் என்ன நோய் சொல்லுதோ, அதுக்கேத்த டாக்டரை அனுப்புறேன்.”

டாக்டர் என்றதும் வெள்ளைச்சாமிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது.

“வெள்ளைச்சாமிக்குப் பல் வலிக்குதுன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க,” என்றார் பொன்னுரங்கம்.

வெள்ளைச்சாமி மட்டும் தூக்கினான். பக்கத்தில் நின்ற மனைவி மாரக்காளின் முழங்கையை இடித்தான்.

“நீயாச்சும் தூக்கேன்டி.”

“சபையில பொய் சொல்லச் சொல்றியா? என் வாயில எல்லாப் பல்லும் நல்லாத்தானே இருக்கு.”

மற்றவர்களும் நாக்கால் அவரவர் பல்லைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வலிக்கவில்லை. பல்வலி தோற்றது.

அதே சூட்டோடு, நிறைமாதமாக இருந்த பவுனு என்பவள் கர்ப்பமாகவே இல்லை என்றும் முடிவானது. கூட்டத்தில் ஆம்பளைகள்தான் அதிகம். மறுநாள் காலையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊர்க் கருத்தை மதிக்காமல் பிறந்துவிட்டதே என்று பொன்னுரங்கம் வருத்தப்பட்டார். பச்சைப்பிள்ளை, விவரம் தெரியாது என்று பெண்கள் சமாதானம் சொன்னார்கள்.

வெள்ளைச்சாமி யோசித்தான். சந்தையிலிருந்து ஒரு மூட்டை கமர்கட்டு வாங்கிவந்து, நல்லாக் கடிச்சுத் தின்னுங்க என்று வீடு வீடாகக் கொடுத்தான். அடுத்த கூட்டத்துக்கு ஊரே தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தது. வாய் ஒட்டிக்கொண்டதால் விவாதம் எதுவும் நடக்கவில்லை. அத்தனை கைகளும் உயர்ந்தன. பல்வலி ஏகமனதாக ஜெயித்தது. நர்சம்மாவுக்குத் தகவல் போனது.

பல் டாக்டர் மடக்கு நாற்காலியும் குறடுமாக ஜீப்பில் வந்து இறங்குவதற்குள் ஊருக்கு வலி விட்டுப்போயிருந்தது.

“யாருக்குப்பா பல்வலி?”

வெள்ளைச்சாமி ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்தான்.

“இருடா,” என்றார் பொன்னுரங்கம். “ஊரைக் கேக்காம நீயா உக்காந்தா எப்படி? பல்வலி இல்லாதவங்கல்லாம் கை தூக்குங்க.”

ஊரே தூக்கியது. இத்தனை பேர் தூக்கும்போது தான் மட்டும் சும்மா நிற்க வெள்ளைச்சாமிக்குக் கூச்சமாக இருந்தது. அவனும் தூக்கினான்.

டாக்டர் மட்டும் தூக்கவில்லை.

“பாவம், இவ்வளவு வலியை வச்சுக்கிட்டா நமக்காக வந்திருக்காரு?” என்று மாரக்காள் உச்சுக்கொட்டினாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாரக்காள் தலையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னுரங்கம் குறட்டைக் கையில் எடுத்தார்.

“முன்பல்லுன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.”

தூக்குவதற்காக எல்லோரும் பிடியை விட்டார்கள். டாக்டர் ஒரே தாவில் ஜீப்பில் ஏறினார். நாற்காலியைக்கூட எடுக்கவில்லை. புழுதிதான் மிச்சம்.

“கை வைக்குமுன்னேயே குணமாயிட்டாரு,” என்றார் பொன்னுரங்கம்.

வெள்ளைச்சாமி வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜீப் போன திசையையே ஏக்கத்தோடு பார்த்தான்.

“கொடுத்து வச்ச மனுஷன்.”