டாக்டரின் ஹெரால்டு

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன். யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியில் லேத் பட்டறை வைத்திருந்த சம்பத்துக்கு, பழைய ஹெரால்டு கார் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து ஓட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஆறு வருடம் தேடினான். உடுமலைப்பேட்டையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் அப்படியொரு கார் நிற்பதாகத் தெரிந்ததும், வீட்டுக்காரரின் மகள் தேன்மொழியோடு போனில் பேசினான். விலை படிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை லாரியோடு போய் இறங்கினான்.

டயர்கள் மண்ணில் புதைந்திருந்தன. தரைத்தகடு துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. என்ஜின் மட்டும் தேறும் போலிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா மெக்கானிக், சீக்கிரம் பாரு. தளி ஊர்ல ஒரு மாடு கன்னு போட முடியாமத் தவிக்குது. நான் போகோணும்."

அவர் பெயர் திருமூர்த்தி. நாற்பது வருடம் அந்தக் காரில் ஊர் ஊராய்ப் போன மாட்டு டாக்டர். நினைவு தப்பி மூன்று வருடம் ஆகிறது. மனைவியின் பெயர்கூட மறந்துவிட்டது, கார் மறக்கவில்லை. தினமும் காலையில் ஏறி உட்கார்ந்து மெக்கானிக்குக்காகக் காத்திருப்பார். வெயில் ஏறியதும் இறங்கிவிடுவார்.

தேன்மொழி அப்பாவின் கணுக்காலில் போட்டிருந்த கட்டைக் காட்டினாள். "தகடு உடைஞ்சு கால் உள்ள போயிருச்சுங்க. போன மாசம் உள்ளுக்குள்ள பாம்பு வேற. நான் கோயமுத்தூர்ல இருந்து வாரம் ஒருக்காத்தான் வர முடியுது. கொண்டு போயிருங்க. ரெண்டு நாள்ல மறந்துருவாரு."

அவள் அம்மா சிவகாமி குறுக்கிட்டாள். "அதுதான் கண்ணு எனக்குப் பயம். கார் போனதையும் மறந்துருவாரு. தினமும் எந்திரிச்சு வண்டியக் காணோம்னு அழுவாரு. தினமும் நாந்தான் சொல்லோணும்."

"ஓடற மாதிரி பண்ணி இங்கயே நிறுத்தட்டுங்களா?" என்றான் சம்பத்.

"ஓட்டிட்டுப் போயிருவாருங்க," என்றாள் தேன்மொழி.

சம்பத் லாரியைத் திருப்பி அனுப்பினான். அடுத்த ஞாயிறு வந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். பாம்பு நுழையும் ஓட்டைகளை அடைத்தான். என்ஜினைத் தொடவில்லை.

"ஆச்சா? எடுக்கலாமா?" என்றார் டாக்டர்.

"இன்னும் ஒரு சாமான் வரோணுங்க டாக்டர்."

அவர் தலையாட்டினார். சம்பத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் தேன்மொழி நின்றாள். "நாளைக்கு அப்பா ஏறும்போது விழுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?" என்றாள். அவன் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

காரைக் கொண்டுபோகச் சொன்ன மகள், அங்கேயே விட்டுவிடச் சொன்ன தாய், வாங்காமல் தகடு மட்டும் மாற்றிக் கொடுத்த சம்பத். இதில் யார் செய்தது சரி?

தாய் சொன்னதே சரி என்பேன். மகளின் பயம் நியாயம்தான். ஆனால் கார் போயிருந்தால் ஒவ்வொரு காலையும் அவர் அழுகைக்கு முன்னால் நிற்க வேண்டியவள் சிவகாமி. எதைத் தாங்க முடியும் என்று அவளுக்குத்தான் தெரியும். சம்பத் அவள் பேச்சைக் கேட்டான், அதனால் அவனும் சரியே. ஆனால் அவசரமாகப் போக வேண்டும் என்று தினமும் தவிக்கிறாரே ஒரு மனிதர், அவருக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை.