பதினாறை அழித்த வாத்தியார்

"என்கிட்ட சரியாப் போடுற பொண்ணு, உங்க பள்ளிக்கூடத்துல மட்டும் ஏன் ஃபெயிலாகுது?"

கேட்டுக்கொண்டேதான் சற்குணம் சார் வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார்.

உள்ளே டீச்சர் இல்லை. ஆய்வக உதவியாளர் தமயந்தி மட்டும் தொட்டியடியில் நின்று ப்யூரெட் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும்.

"டீச்சர் மீட்டிங்ல இருக்காங்க சார். என்ன விஷயம்?"

"உன்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"

அவள் ஈரக்கையோடு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனுஷனுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

பதினாலு வருஷமாக டியூஷன் எடுக்கிறார். கணக்கு, வேதியியல். மாரீஸ்வரி பன்னிரண்டாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் அவர் வீட்டு முன்னறையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறாள். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போடுகிறாள். எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் சமன் செய்துவிடுகிறாள். அரையாண்டுப் பரீட்சையில் இரண்டிலும் ஃபெயில்.

"பரீட்சை ஹால்ல பிள்ளையை யாராவது மிரட்டுறாங்களா?"

"விடைத்தாளைப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்." அவர் குரல் இறங்கியது. "சரியாப் போட்டதை எல்லாம் அவளே அடிச்சிருக்கா. பாதிக் கணக்கு பாதியில நிக்குது. ஏம்மான்னு கேட்டா அழுறா."

"ம்."

"மார்ச்ல பொதுத்தேர்வு. பாஸானா காலேஜ். இல்லேன்னா மில் வேலைன்னு அவங்கப்பா முடிவே பண்ணிட்டாரு. வேன் தெருவுக்கே வருது. அவ அக்கா அதுலதான் போறா."

அந்தப் பிள்ளை வேனில் ஏறுவதைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. தான் பெற்ற பிள்ளை போலத்தான் வைத்திருந்தார்.

தமயந்தி குழாயைத் தாங்கியில் மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

"ஒரு சமன்பாடு போட்டுக் காட்டுங்க சார்."

"எதுக்கு?"

"நானும் பார்க்கிறேனே. பெர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியது. எழுந்து கரும்பலகையில் மடமடவென்று எழுதினார். பெர்மாங்கனேட்டுக்கு முன்னால் இரண்டு. அமிலத்துக்கு முன்னால் பதினாறு.

"ச்சு," என்றாள் தமயந்தி. மெதுவாகத்தான்.

திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் லேசாக ஒரு சுளிப்பு.

"பதினாறுதானே?"

அவள் சுளித்த முகத்தோடே நின்றாள்.

பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார். பிறகு பதினாறைக் கையாலேயே அழித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினார்.

"ம்," என்றாள் அவள்.

அப்பாடா என்றிருந்தது. தெம்பாக மேலே போனார். தண்ணீருக்கு ஏழு. ஆக்சிஜனை எண்ணினார். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் ஏழு. உதைத்தது. குளோரினை மாற்றினார், உப்பை மாற்றினார். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். நெற்றியில் வியர்வை.

"முதல்ல போட்டதுதான் சரி சார்."

"எனக்குத் தெரியும்!" கத்தியே விட்டார்.

"தெரிஞ்சா ஏன் அழிச்சீங்க?"

"நீ 'ச்சு'ன்னியே!"

"நான் யாரு சார்? ப்யூரெட் கழுவுறவ."

பதினாலு வருஷம் நடத்திய பாடம் பலகையில் அலங்கோலமாகக் கிடந்தது. சற்குணம் சாருக்கு அவமானத்தில் காது சுட்டது. சாக்பீஸைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

கையில் அதோடேயே அவள் பக்கம் திரும்பினார்.

"பிராக்டிகல் பரீட்சையில பிள்ளைங்க உங்களைப் பார்க்குமா?"

"ஒவ்வொரு சொட்டுக்கும் பார்க்கும். நிறம் மாறிடுச்சான்னு குடுவையைப் பார்க்காது. என்னைத்தான் பார்க்கும்."

"நீங்க என்ன செய்வீங்க, மேடம்?"

தமயந்தி தொட்டிப் பக்கம் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவர் படியிறங்கிப் போகும்வரை திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் மாரீஸ்வரி வந்தாள். கணக்குப் பாடத்தில் ஓர் அணியைக் கொடுத்து அதற்கு நேர்மாறு காணச் சொன்னார்.

முதல் வரி எழுதினாள். தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது வரி எழுதினாள். பார்த்தாள். மூன்றாவது வரியில்தான் தன் தலை தானாக ஆடுவது அவருக்கே உறைத்தது.

இத்தனை மாசமாக அந்தப் பார்வையை அவர் மரியாதை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார்.

"சார்?"

"போடும்மா."

"என் மேல கோபமா சார்?"

"இல்லை."

"அப்புறம் ஏன் சார் அந்தப் பக்கம்...?"

பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து சும்மா இருந்தார்.

பேனா நகரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள். எதிரே சுவரில் காலண்டர். மார்ச்சுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள். இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பிளஸ்ஸா மைனஸ்ஸா சார்?"

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சார், இது மட்டும் சொல்லுங்க சார்."

தெருவில் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மில் வேனோ, வேறு எதுவோ. அறையில் இரண்டு பேரும் அந்தச் சத்தம் தேயும்வரை மூச்சுவிடவில்லை.

பிறகு, சர்ரென்று ஒரு தாள் கிழிந்தது.

புதுத்தாள் விரிந்தது. பேனா மெல்ல நகர்ந்தது. நின்றது. வாய்க்குள் அவள் ஏதோ எண்ணிப் பார்ப்பது கேட்டது. மறுபடி நகர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

இப்போதுதான் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரியாகப் போகிறாளா? குறியை மாற்றினாளா? அங்கேதானே எப்போதும் சறுக்குவாள்! பத்து நிமிஷம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. ஒரே ஒரு தடவை, ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். கழுத்தை மெல்லத் திருப்பினார். நாற்காலி கிறீச்சிட்டது.

"திரும்பாதீங்க சார்," என்றாள் மாரீஸ்வரி. "நான் இன்னும் முடிக்கல."