அடக்கிய இருமல்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சிஷ்யை அங்கயற்கண்ணிக்கு அறுபத்தொன்று. அரசாங்கச் செவிலியராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பதற்றம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அந்த மழைக்காலத்தில் கீழே டவுனில் புது வகை ஃப்ளூ காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஆசிரமத்தை ஒட்டி ஒரு முதியோர் இல்லம். முப்பத்தொரு பேர். ஆசிரமத்தார்தான் முறைபோட்டுப் போய்க் கஞ்சி ஊட்டுவார்கள். காய்ச்சல் அங்கே நுழைந்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நினைக்கவே அங்கயற்கண்ணிக்குப் பயமாக இருந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. முதியவர்களுக்குத் தடுப்பூசி போட வைத்தார். புதுக் காய்ச்சலுக்கு அது எவ்வளவு தாங்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. நான்கு அறைகளைத் தனியாக ஒதுக்கினார். முகக்கவசம் வாங்கிக் குவித்தார். தினமும் காலையில் சீடர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "இருமல் இருக்கா? தொண்டை வலிக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் பேசிவைத்த மாதிரி, ஒன்றுமில்லை என்றார்கள்.

ஐந்தாம் நாள் குருவிடம் போனார்.

"சாமி, டவுன்ல வீட்டுக்கு வீடு படுத்துக் கிடக்காங்க. நம்ம ஆளுங்க தினம் சந்தைக்குப் போய்ட்டு வராங்க. ஆனா இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லையாம்."

"நல்லதுதானே?"

"அதான் எனக்கு நம்ப முடியல சாமி."

"நாளைக்குக் காலைல தியானத்துக்கு வாங்க" என்றார் குரு.

தியான மண்டபத்தில் ஒரு சட்டம் உண்டு. இருமியவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அப்புறம் ஒரு மாதம் உள்ளே உட்கார முடியாது. அதனால் இருமலை விழுங்குவது அங்கே பெரிய சாதனை. பத்து வருடமாக இருமாத மகான்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

மறுநாள் அங்கயற்கண்ணி முகக்கவசத்தோடு போய் உட்கார்ந்தார். அதற்கே நாலு பேர் முறைத்தார்கள்.

கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று குரு இருமினார். மண்டபமே அதிர இருமினார். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அவர் மறுபடியும் இருமினார்.

பின்னால் ஒருவர் இருமினார். ஜன்னலோரம் ஒருவர். அப்புறம் முன்வரிசை மொத்தமும் கிளம்பிவிட்டது. அடக்கி அடக்கி வைத்திருந்ததில் சிலருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அங்கயற்கண்ணி எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது பேர்.

குரு சட்டப்படி எழுந்து வெளியே போனார். அங்கயற்கண்ணி பின்னாலேயே ஓடினார்.

"நல்ல வேலை பண்ணீங்க சாமி. நீங்க பொய்யா இருமலேன்னா ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க."

"பொய் இல்லம்மா. மூணு நாளா இருக்கு."

"என்னது?"

"குருவே இருமினா என்ன நினைப்பாங்களோன்னு நானும் முழுங்கிக்கிட்டு இருந்தேன்."

அங்கயற்கண்ணிக்கு ஆத்திரம் வந்தது. "நேத்து கஞ்சி ஊட்டப் போனது யாரு?"

"நான்தான். எட்டுப் பேருக்கு ஊட்டினேன்."

குரு அங்கயற்கண்ணியை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

"டாக்டருக்குப் போன் போட்டு, அந்த எட்டுப் பேரையும் உடனே பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் இல்லத்துக் கதவைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்குங்க. நான் வந்து கேட்டாலும் திறக்காதீங்க."